மாற்றியங்களை எண்ணும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கரிம வேதியியல் விடைத்தாள்களைத் திருத்தும்போதெல்லாம், மாற்றியங்களை, அதாவது ஒரே மூலக்கூறு வாய்பாடு கொண்ட வெவ்வேறு சேர்மங்களை, எண்ணுவதில் எங்கள் தலைமுறை செய்த அதே பிழைகள் மறுபடியும் வருவதைப் பார்க்கிறேன். கார்பனுக்கு ஐந்து பிணைப்பு போடுவது, ஹைட்ரஜனை எண்ண மறப்பது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். கொஞ்சம் பழகினால் அவை தானாகச் சரியாகிவிடும். 'இது எனக்குப் புரிந்துவிட்டது' என்ற நம்பிக்கையோடு செய்கிற தவறுகள்தான் விலை அதிகம்.

ஒரே சேர்மத்தை இருமுறை எண்ணுவது

ஆறு கார்பன் கொண்ட ஹெக்சேனுக்கு ஐந்து அமைப்பு மாற்றியங்கள் (அணுக்கள் இணைந்திருக்கும் வரிசையில் வேறுபடுபவை). ஆறு எழுதுகிறவர்களின் தாளில் கூடுதலாக இருப்பது பெரும்பாலும் '2-எத்தில்பியூட்டேன்'. அதில் நீளமான சங்கிலியை எண்ணிப் பாருங்கள், ஐந்து கார்பன் வரும். அது 3-மெத்தில்பென்டேன்தான். வரைந்து முடித்ததும் ஒவ்வொன்றுக்கும் முறையான பெயர் எழுதுங்கள். ஒரு பெயர் திரும்ப வந்தால் ஒன்றை அடித்துவிடலாம்.

வளையத்தை மறப்பது

நான்கு கார்பன், எட்டு ஹைட்ரஜன் என்றால் பியூட்டீன்களோடு நின்றுவிடாதீர்கள். சைக்ளோபியூட்டேனும் மெத்தில்சைக்ளோபுரொப்பேனும் உண்டு.

கைரல் கார்பனை எண்ணிவிட்டு மூலக்கூறைப் பார்க்காமல் விடுவது

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான். நான்கு வெவ்வேறு தொகுதிகள் இணைந்த கார்பன்தான் கைரல் கார்பன். அணுக்களின் இணைப்பு ஒன்றாகவே இருந்து, வெளியில் அவை நிற்கும் விதம் மட்டும் வேறுபட்டால் அவை புறவெளி மாற்றியங்கள். டார்டாரிக் அமிலத்துக்கு எத்தனை புறவெளி மாற்றியங்கள் என்று கேட்டால், "கைரல் கார்பன் இரண்டு, ஆகவே நான்கு" என்று பதில் வந்து விழுகிறது. சரியான விடை மூன்று. ஒரு பயிற்சித் தேர்வின் விடைக்குறிப்பிலேயே நான்கு என்று அச்சாகியிருந்தது. மூன்று என்று எழுதிய மாணவி மதிப்பெண்ணை இழந்தாள். அடுத்த தேர்வில் அதே கேள்விக்கு நான்கு என்று எழுதினாள். சரியாகப் புரிந்துகொண்ட பிள்ளையைத் தவறுக்குப் பழக்கிவிட்டார்களே என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கைரல் கார்பன் எத்தனையோ அத்தனை முறை இரண்டைப் பெருக்கும் சூத்திரம், அந்தக் கார்பன்கள் ஒன்றுக்கொன்று வேறுபட்டிருந்தால்தான் செல்லும். டார்டாரிக் அமிலத்தில் ஒரு கைரல் கார்பனில் உள்ள அதே நான்கு தொகுதிகள்தான் மற்றதிலும் இருக்கின்றன. கைரல் கார்பனைச் சுற்றித் தொகுதிகள் அமையும் இரண்டு விதங்களை ஆர், எஸ் என்று குறிப்போம். ஒன்று ஆர், மற்றது எஸ் என்று அமைந்தால் மூலக்கூறின் ஒரு பாதி மறு பாதியின் ஆடி பிம்பமாகிவிடுகிறது. ஆர்-எஸ், எஸ்-ஆர் என்று நாம் தனித்தனியாக எண்ணும் இரண்டும் ஒரே மூலக்கூறு. அதுதான் மீசோ வடிவம். கைரல் கார்பன்கள் இருந்தும் அது ஒளியை (தளமுனைவுற்ற ஒளியின் தளத்தை) சுழற்றாது.

சரி, மீசோவைக் கண்டுபிடிப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. கார்பன் சங்கிலியைச் செங்குத்துக் கோடாகவும் மற்ற தொகுதிகளை இருபுறமும் வரையும் ஃபிஷர் படத்தில், இரண்டு ஹைட்ராக்சில் (OH) தொகுதிகளும் ஒரே பக்கம் இருந்தால் மீசோ. நடுவில் சீர்மைத் தளம் கண்ணுக்குத் தெரியும். அதையே வளைவுநெளிவான சங்கிலியாக வரைந்தால் நிலைமை தலைகீழ்: ஒன்று தாளுக்கு முன்னும் மற்றது பின்னும் இருப்பதுதான் மீசோ. அங்கே தளம் தெரியாது, சீர்மை மையம் இருக்கும். இரண்டும் முன்னால் இருப்பது பார்க்க அழகாக ஒத்திருக்கும், ஆனால் அது கைரல். கண்ணை நம்பாமல் ஆர், எஸ் குறித்துப் பாருங்கள்.

அப்புறம், மீசோவையும் சுழிமாய்க் கலவையையும் (ஒன்றுக்கொன்று ஆடி பிம்பமான இரண்டு மாற்றியங்கள் சம அளவில் கலந்தது) ஒன்றாக்கிவிடுகிறார்கள். இரண்டும் ஒளியைச் சுழற்றாது, ஆனால் காரணம் வேறு. 1848-இல் லூயி பாஸ்டர் சோடியம் அம்மோனியம் டார்ட்ரேட் படிகங்களைக் கையாலேயே இரண்டு வகையாகப் பிரித்தெடுத்தார். ஒன்றின் கரைசல் ஒளியை வலப்பக்கமும் மற்றதன் கரைசல் இடப்பக்கமும் சுழற்றின. அவர் கையில் இருந்தது இரண்டு மாற்றியங்களின் கலவை என்பதால் அது நடந்தது. மீசோ ஒரே சேர்மம், பிரிப்பதற்கு அதில் எதுவும் இல்லை.

'கைரல் கார்பன் இல்லையென்றால் ஒளிச்சுழற்சி இல்லை' என்பதும் இதே தவறின் மறுபக்கம். பென்டா-2,3-டையீனில் கைரல் கார்பன் ஒன்றுகூடக் கிடையாது. அதன் இரு முனைகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தான தளங்களில் நிற்பதால், அந்த மூலக்கூறு தன் ஆடி பிம்பத்தின் மேல் பொருந்தாது. கேட்க வேண்டிய கேள்வி அந்த ஒன்றுதான்: முழு மூலக்கூறும் தன் பிம்பத்தோடு பொருந்துகிறதா?

ஆர் என்றால் வலஞ்சுழி என்று நினைப்பது

சம்பந்தமே இல்லை. வலஞ்சுழி என்றால் ஒளியை வலப்பக்கம் சுழற்றுவது, இடஞ்சுழி என்றால் இடப்பக்கம். ஆர், எஸ் என்பவை தொகுதிகளின் முன்னுரிமையை வைத்து நாம் இடும் குறி. சுழற்சி ஆய்வகத்தில் அளந்து அறிவது. எஸ்-லாக்டிக் அமிலம் வலஞ்சுழி, அதன் சோடியம் உப்பு இடஞ்சுழி. கைரல் கார்பனின் அமைப்பு இரண்டிலும் ஒன்றே.

உடனிசைவு வடிவங்களை மாற்றியம் என்பது

அணு நகர்ந்தால்தான் மாற்றியம். அசிட்டோனும் அதன் ஈனால் வடிவமும் மாற்றியங்கள், ஏனென்றால் ஹைட்ரஜன் இடம் மாறியிருக்கிறது. எலக்ட்ரான் மட்டும் நகர்ந்தால் அது உடனிசைவு.

எல்லா இரட்டைப் பிணைப்புக்கும் சிஸ், டிரான்ஸ் தேடுவது

தொகுதிகள் இரட்டைப் பிணைப்பின் ஒரே பக்கம் நின்றால் சிஸ், எதிரெதிர்ப் பக்கம் நின்றால் டிரான்ஸ். அந்தப் பிணைப்பின் ஏதேனும் ஒரு கார்பனில் ஒரே தொகுதி இரண்டு இருந்தால் இந்த வேறுபாடு கிடையாது. 2-மெத்தில்பியூட்-2-ஈனில் தேடாதீர்கள்.

ஃபிஷர் படத்தைத் தாளில் 90 டிகிரி திருப்புவது

கூடாது. 180 டிகிரி திருப்பலாம்.