பாடம் படிக்க ஒரு மைக்

பணி ஓய்வுக்குப் பிறகு, பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்து அனுப்பி வருகிறேன். ஆரம்பத்தில் ஒரு மாணவி போன் செய்து, “ஐயா, நீங்க சொன்னது வலியா, வழியா?” என்று கேட்டாள். காதில் விழுவதை வைத்துத்தான் அவள் பரீட்சை எழுத வேண்டும். அன்றிலிருந்துதான் மைக் விஷயத்தில் அக்கறை எடுத்துக்கொண்டேன்.

அப்போது நான் வைத்திருந்தது கண்டென்சர் மைக். மெல்லிய சவ்வுள்ள இந்த மைக் மிக நுணுக்கமாகக் கேட்கும். அமைதியான, எதிரொலி இல்லாத அறையில் இதற்கு நிகரில்லை. ஆனால் என் வீடு திருச்சியில், பேருந்து போகும் சாலையை ஒட்டி இருக்கிறது. ஹாரன், பக்கத்து வீட்டுக் குக்கர் விசில், மின்விசிறி எல்லாம் என் குரலோடு சேர்ந்து பதிவாயின.

நம் ஊர் வீடுகளுக்கு டைனமிக் மைக்தான் சரி என்பது என் முடிவு. காந்தப் புலத்துக்குள் ஒரு சிறு கம்பிச்சுருள் அசைந்து மின்சாரம் உண்டாக்குவதுதான் அதன் வேலை. கண்டென்சர் அளவுக்கு நுணுக்கமாகக் கேட்காது. வாயருகே வைத்துப் பேச வேண்டும், அதனாலேயே தூரத்துச் சத்தம் அடங்கிப் போகும். 1966-இல் வந்த ஷூர் எஸ்எம்58 இன்றும் மேடைதோறும் இருக்கிறது. அது இந்த வகைதான்.

எந்த மைக் வாங்கினாலும் அது கார்டியாய்டா என்று பாருங்கள். முன்பக்கத்துச் சத்தத்தை நன்றாக வாங்கி, பின்பக்கத்துச் சத்தத்தைப் பெரும்பாலும் தள்ளிவிடும் வகை அது. நான் ஜன்னலை மூடித் திரை போட்டு, அதைப் பார்த்து உட்காருகிறேன். மைக்கின் முதுகு தெருப்பக்கம் திரும்பியிருக்கும். என் முதுகுக்குப் பின்னால் துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்துவிடுவேன். எதிரொலி கணிசமாகக் குறைகிறது.

தூரம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரு மடங்கானால், நேராக வரும் குரல் சுமார் 6 டெசிபல் குறையும். அறையின் எதிரொலி மட்டும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். குரலைவிட அறை மேலோங்கும்போதுதான் ல, ள, ழ மூன்றும் குழம்புகின்றன. அந்த மாணவி கேட்ட கேள்விக்குக் காரணம் மைக்கின் விலை இல்லை, நான் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்ததுதான். இப்போது டைனமிக் என்றால் நாலைந்து விரற்கடை, கண்டென்சர் என்றால் ஒரு சாண். மிகவும் ஒட்டிப் பேசினால் குரலில் அடித்தொனி ஏறிக் கனத்துவிடும், அதையும் கவனியுங்கள்.

‘ப்’ வரும் இடங்களில் வாய்க்காற்று மைக்கில் மோதி ‘டப்’ என்று கேட்கும். “அப்பா”, “உப்பு” என்று சொல்லிப் பார்த்தால் தெரியும். மைக்குக்கு முன்னால் வைக்கும் வலைத்தடுப்பான பாப் ஃபில்டரோ ஸ்பாஞ்ச் உறையோ போடுங்கள். மைக்கை வாய்க்கு நேராக இல்லாமல் சற்றுச் சாய்த்து வைத்தாலும் போதும்.

இணைப்பைப் பொறுத்தவரை, கணினியில் நேரே செருக யுஎஸ்பி எளிது. எக்ஸ்எல்ஆர் என்ற மூன்று முனை இணைப்பு என்றால், மைக்கைக் கணினியோடு சேர்க்கும் இன்டர்ஃபேஸ் என்ற சிறு பெட்டி ஒன்று தனியாக வாங்க வேண்டும். மைக் கண்டென்சராக இருந்தால், அந்தப் பெட்டி அதற்கு 48 வோல்ட் மின்சாரமும் கொடுக்க வேண்டும். சாம்சன் க்யூ2யூ போன்ற டைனமிக் மைக்கில் இரண்டு வழியும் உண்டு. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். நடந்துகொண்டே பேசுபவர்களுக்குக் காலர் மைக் வசதி. அவற்றில் பல எல்லாத் திசையிலிருந்தும் சத்தம் வாங்கும், அதனால் அறை அமைதியாக இருக்க வேண்டும்.

அப்புறம், கெயினை, அதாவது மைக்கின் ஒலியைப் பெருக்கும் அளவை, அதிகம் ஏற்றாதீர்கள். உரக்கப் பேசும் இடத்தில்கூட, பதிவு மென்பொருளின் ஒலிமானி மைனஸ் 12 டெசிபலைச் சுற்றியே நிற்கட்டும். உச்சத்தில் உடைந்த குரலைப் பின்னால் முழுதாகச் சரிசெய்ய முடியாது.

வாங்கும் முன், முடிந்தால் நண்பரிடம் ஒரு மைக் இரவல் வாங்கி உங்கள் அறையிலேயே சோதியுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு வலி, வளி, வழி, பல்லி, பள்ளி, மனம், மணம் என்று இயல்பான வேகத்தில், வரிசை மாற்றி வாசித்துப் பதிவு செய்யுங்கள். அந்தப் பட்டியலைப் பார்க்காத ஒருவரிடம் ஹெட்போனைக் கொடுத்து, கேட்டதை எழுதச் சொல்லுங்கள். எல்லாம் சரியாக எழுதிவிட்டால் அந்த மைக்கே போதும்.