பழைய காரைச் சரிசெய்வதா, மாற்றுவதா? ஒரு நோட்டை வைத்து முடிவு செய்யும் முறை

போன வருடம் மே மாதம், தேனியில் ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டு மதுரை திரும்பும் வழியில் ஆண்டிப்பட்டி கணவாய் ஏற்றத்தில் எங்கள் காரின் டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. 2010 நவம்பரில் அப்பா வாங்கிய பெட்ரோல் கார் அது. கட்டி இழுத்துக்கொண்டு போய் நிறுத்திய முதல் ஒர்க்ஷாப்பில், திறந்துகூடப் பார்க்காமல், “எஞ்சினைப் பிரிக்கணும், 65,000 ஆகும்” என்றார்கள். அப்பா அங்கேயே, “வித்துரலாம்ப்பா, இதுக்கு மேல செலவு பண்ண வேண்டாம்” என்று சொல்லிவிட்டார்.

நான் வேண்டாம் என்றேன். வண்டி நின்ற இடத்தில் வைத்து எடுக்கும் முடிவு பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும். அதன் பிறகு ஒரு வாரம் நாங்கள் செய்ததைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களும் செய்யலாம்.

படி 1: கெட்டது எது, ஏன் கெட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள்

முதலில் சொன்ன தொகையை அப்படியே ஏற்காதீர்கள். வேறு ஒரு மெக்கானிக்கிடமும் காட்டுங்கள். நாங்கள் பழங்காநத்தம் பக்கம் உள்ள சின்ன ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோனோம். அந்த அண்ணன் ஆயில் கேஜை உருவிப் பார்த்தார். ஆயிலில் தண்ணீர் கலக்கவில்லை. ரேடியேட்டரைக் கழற்றினார். உள்ளே வெள்ளை வெள்ளையாக உப்பு படிந்து பாதிக்கு மேல் அடைத்துக் கிடந்தது. வருடக்கணக்காக, எஞ்சினைக் குளிர வைக்கும் கூலன்ட் திரவத்துக்குப் பதில் வீட்டு போர் தண்ணீரை ஊற்றி வந்ததன் பலன். மதுரையில் பல வீடுகளில் போர் தண்ணீர் எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும். பாத்திரத்தில் படிவதேதான் ரேடியேட்டருக்குள்ளும் படியும். கூலன்ட் மட்டும்தான் ஊற்ற வேண்டும். கலந்து ஊற்றுகிற வகையாக இருந்தால் பேட்டரிக்கு வாங்கும் டிஸ்டில்டு வாட்டரில் கலக்குங்கள்.

எஞ்சின் நிலையை நீங்களும் ஓரளவு பார்க்கலாம். காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தொடங்குங்கள். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் பால் கலந்த காபி மாதிரி பசை இருந்தால், தண்ணீர் உள்ளே போகிறதா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். ஸ்டார்ட் செய்து சைலன்சரைக் கவனியுங்கள். நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது. எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை அடர்த்தியாக வந்துகொண்டே இருந்தால் ஹெட் காஸ்கெட்டை (எஞ்சினின் மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) சந்தேகப்படலாம். ஏற்றத்தில் எஞ்சின் சத்தம் மட்டும் கூடி வேகம் கூடவில்லை என்றால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது. ஒன்று மட்டும் கவனம்: சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் அடித்துவிடும்.

பிறகு மெக்கானிக்கிடம் மூன்று பட்டியல் எழுதித் தரச் சொல்லுங்கள்: இப்போதே செய்ய வேண்டியது, ஒரு வருடத்துக்குள் வரப்போவது, தள்ளிப்போடக்கூடியது. எங்களுக்கு இப்போதே செய்ய வேண்டியது ரேடியேட்டர், வாட்டர் பம்ப், ஹோஸ்கள், கிளட்ச், முன் லோயர் ஆர்ம் (முன் சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கை). கூலியோடு சேர்த்து 42,000 ரூபாய். ஒரு வருடத்துக்குள் வரும் என்று டயரையும் பேட்டரியையும் எழுதினார்.

படி 2: வண்டிக்கு அடியில் பாருங்கள்

என்னைக் கேட்டால், எல்லாவற்றையும்விட முக்கியமான படி இதுதான். எஞ்சின், கிளட்ச், ரேடியேட்டர் எல்லாம் மாற்றக்கூடிய பொருள்கள். வண்டியின் உடம்பை மாற்ற முடியாது. லிஃப்டில் ஏற்றி, தரைத்தகடு, கதவுக்குக் கீழே ஓடும் பட்டை, சஸ்பென்ஷன் (சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும் அமைப்பு) வந்து பிடிக்கும் இடங்கள் மூன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். மேலோட்டமான துரு பயமில்லை. ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் உள்ளே இறங்குகிறது என்றால், சஸ்பென்ஷன் பிடிக்கும் இடம் உப்பி உதிர்கிறது என்றால், அந்த வண்டிக்குப் பெரிய செலவு செய்யாதீர்கள். டிங்கரிங் செய்து பெயிண்ட் அடித்தால் பார்க்க நன்றாக இருக்கும். விபத்து நடக்கும்போது தாங்காது.

ராமநாதபுரத்தில் இருக்கும் என் சித்தப்பாவின் காரும் எங்கள் கார் வயதுதான். எஞ்சின் எங்களுடையதைவிட நன்றாக ஓடியது. ஆனால் கடல் காற்றில் பின் இருக்கைக்கு அடியில் தகடு ஓட்டையாகிவிட்டது. அவரிடம் நானே மாற்றச் சொன்னேன். எங்கள் கார் மதுரையின் வறண்ட காற்றிலேயே நின்றதால் அடிப்பகுதி சுத்தமாக இருந்தது.

படி 3: வண்டி யாருக்கு, எங்கே போக?

மார்க்கெட்டுக்கும், அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவும், மாதம் ஒருமுறை உசிலம்பட்டி பக்கம் குலதெய்வம் கோவிலுக்கும்தான் எங்கள் கார் போகும். இதற்குப் பழைய வண்டி தாராளம்.

வாராவாரம் நான்கு வழிச்சாலையில் திருச்சிக்கோ திருநெல்வேலிக்கோ குழந்தைகளோடு போகிறவர் என்றால் கணக்கே வேறு. ஏபிஎஸ் பிரேக் (திடீரென அழுத்தினாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாத பிரேக்) 2019 ஏப்ரலில் இருந்துதான் புதிய கார்களுக்குக் கட்டாயமானது; ஓட்டுநர் பக்க ஏர்பேக்கும் அதே ஆண்டுதான் கட்டாயமானது. எங்கள் 2010 காரில் இரண்டும் கிடையாது. வேகச் சாலையில் அதிகம் போகும் குடும்பம், பணக் கணக்கு எப்படி வந்தாலும், இதற்காகவே மாற்றலாம்.

உதிரிபாகம் கிடைக்கிறதா என்றும் கேளுங்கள். செவர்லே 2017-லேயே இந்தியாவில் கார் விற்பதை நிறுத்திவிட்டது. ஃபோர்டு இங்கே தயாரிப்பை நிறுத்துவதாக 2021-ல் அறிவித்தது. இப்படிப்பட்ட வண்டி என்றால், ஸ்பேர் கடையில் ஹெட்லைட், பம்பர், கதவு ஆகியவை எத்தனை நாளில் வரும் என்று விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

படி 4: ஒரு வருடத்துக்கு எவ்வளவு?

“வண்டியே 90,000-தான் போகும், அதுக்கு 42,000 செலவா?” என்று எல்லோரும் கேட்பார்கள். அந்த ஒப்பீடு தவறு. ரிப்பேர் செலவை வண்டியின் விலையோடு ஒப்பிட்டால் பழைய வண்டி எப்போதுமே தோற்கும். ஒப்பிட வேண்டியது, அடுத்த மூன்று வருடத்தில் வருடத்துக்கு இது எவ்வளவு தின்னும், மாற்று வண்டி எவ்வளவு தின்னும் என்பதைத்தான். பெட்ரோல், சாதாரண சர்வீஸ் இரண்டையும் இரு பக்கமும் விட்டுவிடுங்கள்.

எங்கள் நோட்டில் இருந்தது இது. பழைய கார்: ரிப்பேர் 42,000, டயர் 16,000, பேட்டரி 5,000, பதிவுப் புதுப்பிப்பு வகையில் (படி 5-ல் சொல்கிறேன்) 7,000, மொத்தம் 70,000. மூன்றால் வகுத்தால் வருடத்துக்குச் சுமார் 23,000. எதிர்பாராத வேலைக்கு வருடம் 12,000. இன்று 90,000 போகும் வண்டி மூன்று வருடம் கழித்து 45,000 போனால், குறையும் மதிப்பு வருடத்துக்கு 15,000. கூட்டினால் 50,000.

மாற்று: ஐந்து வயதுள்ள செகண்ட் ஹேண்ட் கார், 4,60,000. மூன்று வருடம் கழித்து 2,95,000-க்கு விற்கலாம் என்று வைத்தால் வருடத்துக்கு 55,000 குறைகிறது. பழைய காரை விற்ற 90,000-மும் கையில் உள்ள 70,000-மும் போக, 3 லட்சம் கடன். 12 சதவீத வட்டியில் மூன்று வருட வட்டி ஏறக்குறைய 58,700, வருடத்துக்கு 19,500. கூடுதல் இன்சூரன்ஸ் 6,000. வாங்கியவுடன் வரும் சில்லறை வேலையும் பெயர் மாற்றமும் வருடக் கணக்கில் 5,000. மொத்தம் 85,500.

வித்தியாசம் வருடத்துக்கு 35,500. அந்தப் பணம் ஏர்பேக்குக்கும் மன நிம்மதிக்கும் தகுமா என்பதுதான் உண்மையான கேள்வி. பதில் வீட்டுக்கு வீடு மாறும். புதிய கார் எடுப்பதானால் ஆரம்ப வருடங்களின் மதிப்புக் குறைவையும் சேர்த்துப் போடுங்கள். இன்சூரன்ஸ் கணக்கிலேயே நான்கு வயது தாண்டிய காருக்கு 50 சதவீதம் கழித்துவிடுவார்கள்.

எதிர்பாராத செலவுக்கு மனம் போன போக்கில் ஒரு தொகையை எழுதாதீர்கள். கடந்த மூன்று வருட பில்களை எடுத்துக் கூட்டிப் பாருங்கள். வருடத்துக்கு வருடம் இரட்டிப்பாகிறது என்றால் வண்டி உங்களுக்குப் பதில் சொல்லிவிட்டது.

படி 5: 15 வருடம் ஆனால் உடைக்கச் சொல்வார்களா?

மாட்டார்கள். பத்து வருட டீசல், பதினைந்து வருட பெட்ரோல் என்ற தடை டெல்லி வட்டாரத்துக்காகப் பிறந்தது, தமிழ்நாட்டில் இல்லை. இங்கே சொந்த உபயோக காரின் ஆர்சி 15 வருடம் செல்லும். பிறகு சோதனைக்குக் காட்டி ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்கலாம். பேச்சுவழக்கில் எஃப்சி என்போம். 2022 ஏப்ரலில் காருக்கான கட்டணத்தை 5,000 ரூபாய் ஆக்கினார்கள். தமிழ்நாட்டின் பசுமை வரி தனி. காலாவதிக்கு 60 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். தாமதித்தால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடும். உங்கள் எண் டிஎன் 58, 59, 64 எதில் தொடங்குகிறதோ அந்த ஆர்டிஓ அலுவலகத்தில் விசாரியுங்கள். இன்சூரன்சும் புகைச் சான்றிதழும் நடப்பில் இருக்க வேண்டும்.

படி 6: மாற்றுவது என்று முடிவானால்

இன்சூரன்ஸில் சேர்ந்திருக்கும் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) வண்டிக்கு உரியதல்ல, உங்களுக்கு உரியது. பழையதை விற்ற பிறகு அதற்கான சான்றிதழை வாங்கி வைத்தால் மூன்று வருடத்துக்குள் அடுத்த காருக்குப் பயன்படுத்தலாம். அதிகபட்சமான 50 சதவீதம் சேர்ந்திருந்தால் விட்டுவிடாதீர்கள்.

விற்கும்போது பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்திட்டுக் கொடுத்ததோடு நிற்காமல், பெயர் மாறும் வரை விடாமல் கேளுங்கள். விபத்து நடந்தால் பதிவேட்டில் பெயர் உள்ளவர்தான் உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சித்தப்பா தன் காரை விற்று நான்கு மாதம் ஆகியும் ஆர்சி அவர் பெயரிலேயே இருந்தது. வாங்கியவரை நேரில் அழைத்துக்கொண்டு ஆர்டிஓ அலுவலகம் போய் மாற்றிவிட்டுத்தான் வந்தார்.