பெயிண்ட் வாங்குமுன் வெள்ளை வளையத்தைப் பாருங்கள்

இந்திய ராணுவ விமான மாடலுக்குப் பெயிண்ட் வாங்குமுன், நிஜ விமானத்தின் கலர் போட்டோவை போனில் திறந்து, அதன் மேல் வரைந்திருக்கும் மூவர்ண வட்டச் சின்னத்தின் நடுவில் இருக்கும் வெள்ளை வளையம் சுத்த வெள்ளையாகத் தெரியும் வரை, படத்தின் மஞ்சள், நீலச் சாயலை மாற்றும் ‘வார்ம்த்’ ஸ்லைடரை நகர்த்துங்கள். அப்புறம் விமான உடம்பின் நிறத்தைப் பாருங்கள்.

மாலை வெயில் படம் முழுவதிலும் மஞ்சளைப் பூசிவிடும், நிழல் நீலத்தைப் பூசும். நமக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே நிறம் அந்த வெள்ளைதான். அது சரியானால் மற்றவையும் ஏறக்குறைய சரியாகும். நம் அரக்கோணம் ராஜாளி கடற்படை விமானத் தளத்தில் 2017 வரை இருந்த துபோலெவ் 142 ரோந்து விமானம் ஒரு படத்தில் பிஸ்கட் நிறம், இன்னொன்றில் நீலச் சாம்பல் என்று தெரிந்தால் குழம்ப வேண்டாம், இரண்டையும் இப்படித் திருத்திப் பக்கத்தில் வையுங்கள். கையிலிருக்கும் பெயிண்டை வெள்ளை பிளாஸ்டிக் ஸ்பூனில் இரண்டு கோட் அடித்து, காயவிட்டு, காலை பத்து மணிக்குத் திண்ணை நிழலில் ஒப்பிடுங்கள். வேலூர் மத்தியான வெயிலில் எல்லாமே வெளுப்புதான்.

வளையம் அழுக்கேறியிருந்தாலோ, சின்னங்களையே மங்கலான சாம்பலில் போட்டிருந்தாலோ இது உதவாது. கருப்பு வெள்ளைப் படத்துக்கும் ஆகாது. சிவப்பு ஒளியை உணராத பழைய ஆர்த்தோகுரோமேட்டிக் பிலிமில் மஞ்சளும் சிவப்பும் கறுத்து, நீலம் வெளுத்து விழும். இரண்டாம் உலகப்போர் பிரிட்டிஷ் விமானத்தின் மஞ்சள் வெளிவளையத்தைக் கறுப்பென்று நினைத்து அடித்தவர்கள் உண்டு, நானும்தான்.