பிள்ளை கூப்பிட்டால் எழும்ப முடியுமா? வீடியோ கேம் விளையாடும் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிள்ளை பெற்றவர்கள் வீடியோ கேம் விளையாடுவதைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் மணிக்கணக்கைத்தான் முதலில் கேட்கிறார்கள். நாளொன்றுக்கு எத்தனை மணித்தியாலம், வாரத்துக்கு எத்தனை என்று. என்னைக் கேட்டால் அது இரண்டாவது கேள்வி. அடுப்பில் சோறு பொங்கி வழிகிறது, புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கும் மகன் கணக்குக் கொப்பியோடு வந்து நிற்கிறான். அந்த நொடியிலேயே விளையாட்டைக் கீழே வைத்துவிட்டு எழும்ப முடியுமா? இதுதான் முதல் கேள்வி. முடியும் என்றால் தினமும் ஒரு மணித்தியாலம் விளையாடினாலும் வீட்டில் யாரும் முகம் சுளிப்பதில்லை. முடியாது என்றால் இருபது நிமிடத்துக்கே சண்டை மூளும். இலங்கை மலையகத்தில், ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த வீடுகளில் நடக்கும் சச்சரவுகளில் பெரும்பாலானவை இதிலிருந்துதான் கிளம்புகின்றன.

இடையில் விட முடியாத ஆட்டத்தைப் பின்னேரத்தில் தொடங்குவது

பப்ஜி மொபைலில் 100 பேர் இறங்கும் வழமையான ஆட்டம், கடைசிவரை தப்பிப் பிழைத்தால், அரை மணித்தியாலம் அளவுக்கு ஓடும். ஃப்ரீ ஃபயரில் 50 பேர், சுமார் 10 நிமிடத்தில் முடிந்துவிடும். டோட்டா 2 என்றால் 40 நிமிடமும் போகலாம். இணைப்பு அறுந்து 5 நிமிடத்துக்குள் திரும்பாவிட்டால் ஆட்டத்தைக் கைவிட்டவர் என்று பதிவாகி, தண்டனையும் வந்து சேரும். அதில் ஆட்டத்தை நிறுத்திவைக்கும் பொத்தான் உண்டுதான். ஆனால் எதிரணிக்காரர் பொறுமை இழந்தால் அவரே ஆட்டத்தை மீண்டும் ஓடவிடலாம். உங்கள் வீட்டுச் சோறு பொங்குவது அவருக்கு எப்படித் தெரியும்?

பாடசாலைப் பிள்ளைகள் உள்ள வீட்டில் மாலை ஆறு மணியிலிருந்து எட்டரைவரை நெருக்கடியான நேரம். சுடுதண்ணீர் வைக்க வேண்டும், சமைக்க வேண்டும், வீட்டுப்பாடம் பார்க்க வேண்டும், மறுநாள் சீருடை காய்ந்ததா என்று தடவிப் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் அதுவே தனி வேலை. இந்த நேரத்தில் ஒன்லைன் ஆட்டம் ஒன்றில் இறங்குபவர், நடுவில் யாரும் தன்னைக் கூப்பிட மாட்டார்கள் என்று பந்தயம் கட்டுகிறார். அந்தப் பந்தயத்தில் வென்றவரை நான் கண்டதில்லை. “இதோ, இந்த ரவுண்ட் முடியட்டும்” என்ற பதிலுக்குப் பிள்ளைகள் விரைவில் அர்த்தம் கண்டுபிடித்துவிடுவார்கள்: அரை மணித்தியாலத்துக்கு அப்பா இல்லை. பிறகு கூப்பிடுவதையே விட்டுவிடுவார்கள். வீட்டில் அமைதி வந்துவிட்டது என்று அந்த அப்பா நினைத்துக்கொள்கிறார். வந்திருப்பது அமைதி அல்ல.

தனியாள் விளையாட்டு என்றால் பிரச்சினை இல்லை என்பதும் தவறான எண்ணம். 2022இல் வெளியான எல்டன் ரிங்கில், தனியாக விளையாடும்போதும் மற்ற விளையாட்டுகளைப் போலப் பொத்தானை அழுத்தி நிறுத்திவைக்க முடியாது. பையைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து ஒருவன் வெட்டிவிட்டுப் போவான். இன்னொரு முனையில் ஸ்டார்டியூ வெலி இருக்கிறது. பயிர் நடுவது, மீன் பிடிப்பது என்று சாதுவான விளையாட்டு. ஆனால் கணினியிலும் கொன்சோலிலும் அதில் பதிவாகும் நேரம் ஒன்றே ஒன்றுதான்: உள்ளே இருக்கும் பாத்திரம் படுத்துத் தூங்கும்போது. அதன் ஒரு நாள் நம் கணக்கில் 14 நிமிடம் அளவில் ஓடும். பன்னிரண்டாவது நிமிடத்தில் கரண்ட் போனால் அன்றைய உழைப்பு முழுவதும் போய்விடும். கைத்தொலைபேசிப் பதிப்பில் இந்தத் தொல்லை இல்லை, நடுவில் வெளியே வந்தாலும் விட்ட இடம் பதிவாகும். ஒரே விளையாட்டு எந்தக் கருவியில் என்பதைப் பொறுத்துப் பெற்றோருக்கு உகந்ததாகவோ உகாததாகவோ மாறுவதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

மூன்றாவது ரகம்தான் ஆபத்தானது. நிறுத்த முடியும், ஆனால் மனம் வராது. சிவிலைசேஷன் 6 என்பது ஒருவர் மாறி ஒருவராக முறை வைத்து ஆடும் விளையாட்டு. நீங்கள் கைவைக்கும்வரை எதுவும் அசையாது, நள்ளிரவுவரைகூடக் காத்திருக்கும். அது காத்திருக்கிறது என்பதாலேயே நாமும் நள்ளிரவுவரை உட்கார்ந்திருப்போம். இப்படிப்பட்டதை வெள்ளி இரவுக்கு ஒதுக்கிவைப்பது நல்லது.

அப்படியானால் வார நாட்களில் என்னதான் விளையாடுவது? நின்டெண்டோ ஸ்விட்ச் கையில் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. தனியாள் விளையாட்டில் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் அப்படியே உறங்கும், திரும்ப அழுத்தினால் விட்ட இடத்தில் விழிக்கும். கால்பந்து விளையாட்டுகளில், ஒன்லைனில் இல்லாமல் ஆடும்போது, பாதியின் நீளத்தை 4 நிமிடமாக மாற்றிவைக்கலாம். என் சொந்தத் தேர்வு இன்னும் மலிவானது: லிசெஸ் தளத்தில் நாட்கணக்குச் சதுரங்கம். ஒரு நகர்வுக்கு 1 நாளிலிருந்து 14 நாள்வரை அவகாசம் வைத்துக்கொள்ளலாம், காசும் இல்லை. பஸ் வரும்வரை ஒரு நகர்வு, பருப்பு வேகும்வரை ஒரு நகர்வு. இதெல்லாம் விளையாட்டா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

கரண்டை நம்புவது

பிளேஸ்டேஷன் வைத்திருப்பவர்களுக்கு அதன் ஓய்வு நிலை பழகிப்போயிருக்கும். விளையாட்டை அப்படியே உறையவைத்து, மறுநாள் வந்து தொடரலாம். ஆனால் அந்த உறைநிலை மின்சாரம் இருக்கும்வரைதான். இரவில் ஒரு முறை வெட்டினாலும் உறைந்திருந்தது கரைந்துவிடும். பிளேஸ்டேஷன் 4 என்றால், ஒழுங்காக அணைக்கவில்லை என்று கடிந்துகொண்டு தன் சேமிப்பகத்தைச் சரிபார்க்கத் தொடங்கும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை இருட்டில் இருந்த நாடு இது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடே இருண்டபோது, பாணந்துறை உப மின்நிலையத்தில் நுழைந்த குரங்குதான் காரணம் என்று அமைச்சரே சொன்னார். மலையகத்தில் குரங்குகூடத் தேவையில்லை. மே தொடக்கம் தென்மேற்குப் பருவக்காற்று வட்டவளை, ஹட்டன் பக்கம் அடிக்கும்போது கம்பியில் ஒரு மரக்கிளை சாய்ந்தாலே போதும். ஆகவே ஓய்வு நிலைக்கு அனுப்பும் முன் கையால் ஒருமுறை பதிவுசெய்யும் பழக்கம் வேண்டும். திரையின் மூலையில் பதிவுக்குறி சுழலும்போது அணைக்கவே கூடாது.

மின்வெட்டைவிட இடி மோசம். ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் மலைமுகட்டில் கறுத்துக்கொண்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள். பலர் சுவரில் உள்ள சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். அது போதாது. பிளக்கைக் கழற்ற வேண்டும். தொலைக்காட்சிக்கு வரும் டிஷ் வயரையும் கழற்ற வேண்டும், ஏனென்றால் கூரைமேல் விழுவது அந்த வயர் வழியே தொலைக்காட்சிக்கு வந்து, அங்கிருந்து கொன்சோலுக்குள்ளும் இறங்கலாம். ரவுட்டருக்குத் தொலைபேசி வயர் வருகிறதென்றால் அதையும் சேர்த்துத்தான். இவை எல்லாம் முதல் உறுமலுக்கு முன்னரே செய்ய வேண்டிய வேலைகள். இடி தலைக்குமேல் வந்த பிறகு வயரில் கைவைக்கக் கூடாது. வேலைக்குப் போகிறவர்கள் அந்த மாதங்களில் காலையிலேயே கழற்றிவிட்டுப் போவது உத்தமம்.

கரண்ட் போனால் பற்றரியில் ஓடவைக்கும் பெட்டிதான் யுபிஎஸ். கடையில் விற்கும் சிறிய ரவுட்டர் யுபிஎஸ் இணையத்தைத்தான் காப்பாற்றும், விளையாட்டை அல்ல. கணினியில் விளையாடுபவருக்குச் சாதாரண யுபிஎஸ் சில நிமிடங்களைத் தரும். அது பதிவுசெய்து அணைப்பதற்கான நேரம். ஆட்டத்தை முடிப்பதற்கான நேரம் என்று நினைக்க வேண்டாம்.

டேட்டா பற்றி ஒரு வரி. கோல் ஒஃப் டியூட்டி போன்றவை 100 ஜிகாபைட்டைத் தாண்டும். வாரத்தில் கிடைத்த ஒரே ஓய்வு மணித்தியாலத்தில் கொன்சோலைத் திறந்து, புதுப்பிப்பு இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிடச் சலிப்பு வேறில்லை. உங்கள் பொதியில் இரவு நேர டேட்டா இருந்தால் முதல்நாள் இரவே இறங்கவிடுங்கள்.

யாருடைய நேரம்?

விளையாடும் நேரத்தை வீட்டில் யாரோ ஒருவர் தருகிறார். தோட்டங்களில் இது வெளிப்படையாகத் தெரியும். நாள் முழுக்க மலையில் ஏறி இறங்கிக் கொழுந்து பறித்துவிட்டுப் பின்னேரம் வரும் பெண், உடுப்பு மாற்றும் முன்னரே அடுப்பை மூட்டுகிறார். கணவர் இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) கைத்தொலைபேசியோடு உட்கார்ந்திருக்கிறார். களைத்து வந்திருக்கிறாராம். களைப்பு ஒருவருக்கு மட்டும் வருவது என்ன நியாயம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இதில் இன்னொரு கூத்து, அப்பா விளையாடினால் ஓய்வு, அம்மா விளையாடினால் சோம்பல். என் கையில் ஸ்விட்சைப் பார்த்த மாமியார் பல நாள் அதைக் கல்குலேட்டர் என்றே நினைத்திருந்தார். நானும் திருத்தப் போகவில்லை.

கேட்காமல் எடுத்துக்கொள்வதுதான் இங்கே தவறு. நாட்களை முன்கூட்டியே பேசிப் பிரித்துக்கொண்டால் பாதி எரிச்சல் போய்விடும். எங்கள் வீட்டில் செவ்வாய் இரவு கணவருக்கு, வியாழன் இரவு எனக்கு. அந்த இரவில் மற்றவர் பிள்ளைகளையும் சமையலறையையும் பார்த்துக்கொள்வார், முணுமுணுக்கக் கூடாது. தொழிற்சாலையில் இரவு வேலை செய்பவர்களுக்கு இந்த அட்டவணை ஒத்துவராது. அவர்களுக்குப் பகல்தான் ஓய்வு. ஆனால் தூங்க வேண்டிய பகலில் விளையாடிவிட்டு இரவு இயந்திரத்தின் அருகில் போய் நிற்பது விளையாட்டல்ல.

தூரத்து நண்பர்களோடு சேர்ந்து விளையாடுபவர்களுக்கு நேர வித்தியாசம் ஒரு பொறி. மலையகத்தில் மச்சானோ தம்பியோ வளைகுடாவில் இல்லாத குடும்பம் குறைவு. கட்டாரில் இரவு எட்டு மணி என்றால் இங்கே பத்தரை. அவர்கள் வேலை முடிந்து சாப்பிட்டு, “வாங்க அண்ணே, ஒரு கேம் போடுவோம்” என்று கூப்பிடும்போது இங்கே பிள்ளைகள் இரண்டாம் தூக்கத்தில் இருப்பார்கள். ஒன்று மூன்றாகி, மணி பன்னிரண்டைத் தாண்டும். காலையில் ஐந்துக்கு எழும்பிச் சாப்பாடு கட்டும்போது அந்தக் கணக்கு வந்து நிற்கும். அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை என்றால் அன்று பின்னேரத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இங்கே மறுநாள் பாடசாலையும் இல்லை.

பிள்ளையின் கண்ணும் பக்கத்து வீட்டுக் காதும்

ஒரே அறையில் குடும்பமே படுக்கும் வீட்டில் பெரியவரின் திரை பிள்ளையின் திரையும்தான். ஐரோப்பிய வகைப்படுத்தலில் 18 வயது முத்திரை பெற்ற ஜிடிஏ 5ஐ, பாய் விரித்துப் படுத்திருக்கும் ஏழு வயதுப் பிள்ளையின் தலைமாட்டில் வைத்து ஆடிவிட்டு, “அவன் தூங்கிவிட்டான்” என்று சொல்வதில் அர்த்தமில்லை. இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்குத் திரை வேண்டாம், இரண்டிலிருந்து நான்குவரை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கூடாது என்பது 2019இல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவு. மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு விளையாடுபவர்கள் அந்த மணித்தியாலத்தைக் குழந்தைக்கும் சேர்த்து எண்ண வேண்டும்.

சத்தத்துக்காக ஹெட்போன் போடுவதும் யோசித்துச் செய்ய வேண்டியது. தோட்டத் தொழிலாளர் வாழும் பழைய லயன்கள் (தொடர் வீடுகள்) சிலவற்றில் இடைச்சுவர் கூரைவரை எழும்புவதில்லை. உங்கள் துப்பாக்கிச் சத்தம் அடுத்த காம்பராவில் (அறையில்) படிக்கும் சாதாரண தரப் பிள்ளைக்கும் கேட்கும். அதனால் ஹெட்போன் அவசியம், ஆனால் ஒரு காதில் மட்டும். மற்றக் காது குழந்தை இருமும் சத்தத்துக்கு.

போயா எனும் பௌர்ணமி விடுமுறையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் வாரத்தில் விட்டதையெல்லாம் சேர்த்து விளையாடிவிடலாம் என்று திட்டம் போடுவார்கள். உடுப்புத் துவைப்பது, ஹட்டனுக்குச் சாமான் வாங்கப் போவது, கோயில், உறவு வீடு என்று அந்த நாள் ஏற்கனவே நிரம்பியிருக்கும். அன்று பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடுவது எளிது. மைன்கிராஃப்டைக் கொன்சோலில் திரையை இரண்டாகப் பிரித்து ஆடலாம், இரண்டாவது கொன்ட்ரோலர் இருந்தால் போதும். பிள்ளை கட்டிய வீட்டை இடித்துத் திருத்திக் கொடுக்க மட்டும் போகாதீர்கள்.

விளையாட்டின் மேல் கட்டுப்பாடு போய், மற்ற எல்லாவற்றையும்விட அது முக்கியமாகி, கெடுதல் கண்ணுக்குத் தெரிந்தும் தொடர்ந்துகொண்டே இருந்தால் அது பழக்கம் என்ற நிலையைத் தாண்டிவிட்டது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக நோய் வகைப்பாட்டில் இதற்குத் தனி இடம் உண்டு. பொதுவாகப் பன்னிரண்டு மாதம் நீடித்திருக்க வேண்டும் என்று அதில் இருப்பதால், ஒரு வாரம் கண்விழித்த கணவரை நோயாளி ஆக்கிவிட வேண்டாம்.

கடைசியாகப் பணம். தன் விளையாட்டுக் கணக்கு திறந்திருக்கும் கைத்தொலைபேசியை அப்படியே பிள்ளையிடம் கொடுப்பது பெரிய தவறு. விளையாட்டுக்குள் விற்கும் நாணயப் பொதி 5 டொலர் என்றால் சின்னதாகத் தெரிகிறது. ஒரு டொலர் 300 ரூபாய் என்று வைத்தாலும் 1500 ரூபாய். தோட்டத் தொழிலாளருக்கு 2024இல் நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய். அந்தக் கணக்கில், விளையாட்டுத் துப்பாக்கிக்குப் பூசும் ஒரு நிறத்துக்காக ஒரு நாளுக்கும் மேல் மலை ஏற வேண்டும். பிளே ஸ்டோரின் அமைப்புகளுக்குள் போய், ஒவ்வொரு கொள்வனவுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி மாற்றுங்கள். வங்கி அட்டை அங்கே சேமித்திருந்தால் நீக்குங்கள். தொலைபேசிக் கணக்கிலிருந்தே காசு கழியும் வசதி திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ரீலோட் போட்ட மறுநிமிடமே மீதி குறைந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.