எஃப்-100 மாடலின் வாலில் வெப்பக்கறை: புதியவர்களுக்கான செய்முறை

பிளாஸ்டிக் மாடலில் வெப்பக்கறை, அதாவது சூட்டில் உலோகத்தில் படியும் நிறக்கறை, அடித்துப் பழக எஃப்-100 சூப்பர் சேபரைவிடத் தோதான ஜெட் விமானம் கிடையாது. 1953-ல் முதன்முதலாகப் பறந்த அமெரிக்கப் போர் விமானம் இது. இதன் பின்பகுதிக்குள் ஜே57 எஞ்சினின் ஆஃப்டர்பர்னர் (கூடுதல் எரிபொருளை எரித்து உந்துவிசையைக் கூட்டும் பகுதி) எரியும்போது வெளித் தகடே சூடேறி நிறம் மாறிவிடும். வியட்நாம் போர்க்காலத்தில் பச்சையும் பழுப்புமாக உருமறைப்பு வண்ணம் பூசியபோதும் வாலடியை வெறும் உலோகமாகவே விட்டிருந்தார்கள். ட்ரம்பீட்டர் நிறுவனத்தின் 1/48 அளவு மாடல் கிட்டோ வேறு எந்த அளவோ, முறை ஒன்றுதான்.

பெயின்ட் பாட்டிலைத் திறப்பதற்கு முன் ஒரு விஷயம். பைக் சைலன்சரின் பெண்ட் பைப் நீலம் பாய்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எஞ்சினை ஒட்டிய இடத்தில் நீலம், அப்புறம் ஊதா, அடுத்து பழுப்பு, கடைசியாக வைக்கோல் மஞ்சள், அதற்குப் பிறகுதான் சுத்தமான உலோகம். சூட்டில் உலோகத்தின் மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் வளர்கிறது. அதன் தடிமனைப் பொறுத்து ஒளி வேறு வேறு நிறமாகத் தெரிகிறது. எஃகில் ஏறக்குறைய 220 டிகிரி செல்சியஸில் வைக்கோல் மஞ்சள் வரும், 300 டிகிரியை நெருங்கும்போது நீலம் வரும். டைட்டேனியத்துக்கு இதைவிட அதிகச் சூடு வேண்டும், ஆனால் தொடக்க வரிசை இதேதான். இந்த வரிசையை மாற்றாதீர்கள். வெள்ளி நிறத்தை ஒட்டி நேரடியாக நீலம் அடித்த மாடல்கள் பொம்மை மாதிரித் தெரிவதற்குக் காரணம், நடுவில் வரவேண்டிய மஞ்சளும் பழுப்பும் இல்லாததுதான்.

படம் பார்ப்பது

விமானம் சேவையில் இருந்த காலத்து வண்ணப் புகைப்படங்களைத் தேடுங்கள். அருங்காட்சியகத்தில் நிற்கும் விமானங்களை முழுக்க நம்ப வேண்டாம். புதுப்பிக்கும்போது வாலுக்கும் சேர்த்துச் சில்வர் பெயின்ட் அடித்துவிடுவது உண்டு.

அடித்தளம்

பின்பகுதியை வழுவழுப்பாகத் தேய்த்து, பளபளப்பான கறுப்பு அடித்து, ஒரு நாள் காயவிடுங்கள். அதன்மேல் உலோக நிறம். அல்கிளாட் போன்ற பிராண்டின் உலோக நிற லாக்கர் இருந்தால் நல்லது. விமானத்தின் மற்ற பகுதிக்கு அடிக்கும் அலுமினிய நிறத்தை இங்கே போடாமல், ஒரு படி மங்கலான டார்க் அலுமினியமோ பேல் பர்ன்ட் மெட்டலோ போடுங்கள். லாக்கர் ஆவி உடம்புக்கு ஆகாது: ஜன்னல் திறந்திருக்கட்டும், வடிகட்டி வைத்த மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். துணி மாஸ்க் உதவாது.

நிறம் ஏற்றுவது

இதற்கு டாமியா பிராண்டின் ஒளிபுகும் அக்ரிலிக் வண்ணங்கள் போதும்: கிளியர் யெல்லோ (எக்ஸ்-24), கிளியர் ஆரஞ்சு (எக்ஸ்-26), கிளியர் ரெட் (எக்ஸ்-27), கிளியர் ப்ளூ (எக்ஸ்-23), ஸ்மோக் (எக்ஸ்-19). ஒரு பங்கு பெயின்டுக்கு மூன்று நான்கு பங்கு எக்ஸ்-20ஏ தின்னர் கலக்கலாம். ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தால் பெயின்டைத் தூவும் கருவி) ஊசி 0.2 அல்லது 0.3 மி.மீ., காற்றழுத்தம் 12 முதல் 15 பிஎஸ்ஐ. மூன்று நான்கு சென்டிமீட்டர் தூரத்திலிருந்து, நனையாத அளவுக்கு மெல்லியதாக அடியுங்கள். முதல் பூச்சில் எதுவுமே தெரியவில்லையென்றால் சரியாகத்தான் செய்கிறீர்கள்.

முதலில் மஞ்சள். கிளியர் யெல்லோவில் கொஞ்சம் ஆரஞ்சும் ஒரு சொட்டு ஸ்மோக்கும் கலந்து, கறை படிய வேண்டிய இடம் முழுக்க அடியுங்கள். ஓரங்கள் உலோகத்தோடு கரைந்து மறையட்டும்.

அடுத்தது நீலமல்ல, ஊதா. இங்கேதான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். ஒளிபுகும் மஞ்சள்மேல் ஒளிபுகும் நீலம் விழுந்தால் பச்சை வந்துவிடும். வால் முழுக்கப் பாசி பிடித்ததுபோல் ஆகும். அதனால் கிளியர் ரெட்டையும் கிளியர் ப்ளூவையும் கலந்து ஊதா செய்து, மஞ்சளின் உள்பக்கத்தில் மட்டும் அடியுங்கள். ஊதாவும் மஞ்சளும் சேரும் விளிம்பில் பழுப்பு தானாகவே வந்துவிடும், தனியாகக் கலக்க வேண்டியதில்லை. அப்புறம் ஊதாவின் நடுவில் மட்டும் நீலம், அதுவும் மிகக் குறைவாக. ஒவ்வொரு நிறத்தையும் முதலில் உலோக நிறம் அடித்த பிளாஸ்டிக் ஸ்பூனில் சோதித்துப் பாருங்கள்.

பேனல் ஓரங்கள்

ஏர்பிரஷ் எல்லாவற்றையும் மேகம் மாதிரி மிருதுவாக்கிவிடும். நிஜ விமானத்தில் அப்படியில்லை. பக்கத்துப் பக்கத்துத் தகடுகளே வேறு நிறத்தில் இருக்கும். உள்ளே சட்டம் ஓடும் இடத்தில் தகட்டின் சூடு மாறுவதால் அங்கே பட்டை பட்டையாகத் தெரியும். போஸ்ட்-இட் தாளின் ஒட்டும் ஓரத்தைப் பேனல் கோட்டில், அதாவது இரண்டு தகடுகள் சேரும் கோட்டில், வைத்து, ஒரு பக்கம் மட்டும் ஸ்மோக்கோ ஊதாவோ அடித்து எடுங்கள். அடுத்த கோட்டுக்கு நகருங்கள். எல்லாப் பேனலுக்கும் இதைச் செய்தால் செங்கல் சுவர் ஆகிவிடும், நாலைந்து போதும். ஒரு பேனலை ஏறக்குறைய சுத்தமாக விடுங்கள், பழுது பார்த்து மாற்றிய தகடு என்று கண் ஏற்றுக்கொள்ளும். உண்மையில் மாடலுக்கு உயிர் கொடுப்பது நிறத்தைவிட இந்த ஓரங்கள்தான் என்பது என் கட்சி.

டாமியா கிளியர் வண்ணங்கள் காய்ந்த மாதிரி தெரிந்தாலும் வெகுநேரம் பிசுபிசுக்கும், கைரேகை அப்படியே பதியும். இரண்டு நாள் தொடாதீர்கள். பிறகு அரைப் பளபளப்பான, நிறமற்ற கிளியர் பூச்சைத் தூவலாக அடியுங்கள். ஈரமாக அடித்தால் கீழே உள்ள நிறம் கரையலாம். எக்ஸாஸ்ட் முனைக்கு ஜெட் எக்ஸாஸ்ட் நிறமும் கொஞ்சம் கரும் பழுப்பு பேஸ்டல் தூளும் போதும்.

கையில் இருப்பது எஃப்-4 ஃபேன்டம் கிட் என்றால், எக்ஸாஸ்டுக்குப் பின்னால் வாலின் அடியில் பெயின்ட் இல்லாத டைட்டேனியப் பகுதியில் இதே முறையைப் பயன்படுத்தலாம். நீலத்தை மட்டும் பெட்டியிலேயே வைத்துவிட்டு, மஞ்சளும் ஸ்மோக்கும் கொண்டு பேனல் பேனலாகப் போங்கள்.