ஆர்டர் கோப்பும் ஜாவா கிளாஸும்: ஜாக்ஸ்பி அனோடேஷன்களால் ஸ்கீமாவோடு பொருத்துவது எப்படி

வேலூர் வட்டாரத்தில் மென்பொருள் எழுதுகிறவர் கைக்கு இன்றில்லாவிட்டால் நாளை வந்து சேரும் வேலை இது. ஆம்பூரிலோ ராணிப்பேட்டையிலோ உள்ள ஒரு காலணி நிறுவனத்துக்கு வெளிநாட்டு வாங்குபவர் ஆர்டரை எக்ஸ்எம்எல் கோப்பாக அனுப்புகிறார். கூடவே, அந்தக் கோப்பு எப்படி இருக்க வேண்டும் என்று விதிக்கும் ஒரு எக்ஸ்எஸ்டி ஸ்கீமாவும் வருகிறது. நம் பக்கம் ஆர்டர், வரி (ஆர்டரில் ஒரு பொருளுக்கான பதிவு), முகவரி என்று ஜாவா கிளாஸ்கள் ஏற்கெனவே இருக்கின்றன. இரண்டையும் இணைக்க ஜாக்ஸ்பி போதும். எக்ஸ்எம்எல்லை ஜாவா ஆப்ஜெக்டாகவும் திரும்பவும் மாற்றும் நூலகம் அது; கிளாஸில் நாம் எழுதும் அனோடேஷன் என்ற குறிப்புகளைப் பார்த்துப் பொருத்தும். ஆனால் அதன் சுபாவம் ஒன்றை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்: படிக்கும்போது பொருந்தாத ஒன்றைக் கண்டால் அது பெரும்பாலும் பிழை எழுப்பாது. அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். 2,400 ஜோடி ஆர்டர் 0 ஜோடியாகப் பதிவாவது இப்படித்தான்.

அனோடேஷன் பெயர்களை இங்கே ஒலிப்படி தமிழில், சொல்லுக்குச் சொல் இடைக்கோடு போட்டு எழுதியிருக்கிறோம். நிரலில் இடைக்கோடு கிடையாது. சொற்கள் ஒட்டி, ஒவ்வொன்றின் முதலெழுத்தும் பெரிய எழுத்தாக, முன்னால் @ குறியோடு வரும். எக்ஸ்எம்எல் தமிழ்ப் பெயர்களையும் ஏற்கும் என்பதால் மாதிரிக் கோப்பைத் தமிழிலேயே தருகிறோம். இதில் தேதி, வரி போன்ற குறிகள் எலிமென்ட்கள்; குறிக்குள்ளேயே வரும் எண், முறை ஆகியவை அட்ரிப்யூட்கள்; எல்லாவற்றையும் சூழும் ஆர்டர்தான் ரூட் எலிமென்ட்:

<ஆர்டர் எண்="00417">
  <தேதி>2024-11-08</தேதி>
  <வரிகள்>
    <வரி>
      <மாடல்>டெர்பி-12</மாடல்>
      <அளவு முறை="யூகே">7.5</அளவு>
      <ஜோடி>240</ஜோடி>
      <விலை>1850.00</விலை>
    </வரி>
  </வரிகள்>
</ஆர்டர்>

முதலில் ஜார் கோப்புகள்

ஜாவா 6 முதல் ஜாக்ஸ்பி ஜாவாவோடு சேர்ந்தே வந்தது. 2018-இல் வந்த ஜாவா 11-இல் அதை நீக்கிவிட்டார்கள். எனவே இப்போது ஏபிஐ ஜார் (அனோடேஷன்கள் இருக்கும் நூலகக் கோப்பு) ஒன்று, அதை இயக்கும் ரன்டைம் ஜார் ஒன்று என்று இரண்டையும் நாமே சேர்க்க வேண்டும். இரண்டும் ஒரே தலைமுறையாக இருப்பது கட்டாயம். 2.3 வரை பேக்கேஜ் பெயர் ஜாவாக்ஸ் என்று தொடங்கும், 3.0 முதல் ஜகார்த்தா என்று தொடங்கும். இதில் ஒரு பொறி இருக்கிறது: ஜகார்த்தா என்ற பெயரிலேயே கிடைக்கும் 2.3.3 ஏபிஐ ஜாருக்குள் இருப்பது பழைய ஜாவாக்ஸ் பேக்கேஜ்தான். ஜாரின் பெயரை நம்பாமல் பதிப்பு எண்ணைப் பாருங்கள்.

கலந்துவிட்டால் என்ன ஆகும்? கிளாஸில் இருப்பவை பழைய அனோடேஷன்கள், ஓடுவது புதிய ரன்டைம் என்றால், அந்த அனோடேஷன்கள் அதன் கண்ணுக்கே தெரியாது. எழுதப் போகும்போது ‘ரூட் எலிமென்ட் அனோடேஷன் இல்லை’ என்று பிழை வரும். கிளாஸின் தலையில் அது பளிச்சென்று இருந்தும் இப்படி வந்தால், நிரலின் தொடக்கத்தில் உள்ள இம்போர்ட் வரிகளைப் பாருங்கள்.

கிளாஸின் தலையில் மூன்று

ஆர்டர் கிளாஸுக்கு மேலே எக்ஸ்எம்எல்-ரூட்-எலிமென்ட், எக்ஸ்எம்எல்-ஆக்சஸர்-டைப், எக்ஸ்எம்எல்-டைப் ஆகிய மூன்றும் வரும். உள்ளே வரும் வரி, அளவு போன்ற கிளாஸ்களுக்கு ரூட் தேவையில்லை. மற்ற இரண்டும் போதும்.

ஆக்சஸர்-டைப்பை எதுவும் சொல்லாமல் விட்டால், பொதுவில் திறந்திருக்கும் கெட்டர்-செட்டர் இணைகளையும் பொது ஃபீல்டுகளையும் ஜாக்ஸ்பி எடுத்துக்கொள்ளும். அந்த நிலையில் பிரைவேட் ஃபீல்டின் மேல் நீங்கள் ஓர் அனோடேஷன் வைத்தால் ஃபீல்டு ஒன்று, கெட்டர் ஒன்று என்று இரண்டு முறை கணக்காகி, ‘ஒரே பெயரில் இரண்டு ப்ராப்பர்ட்டி’ என்ற பிழையோடு நிற்கும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதிகம் முட்டிக்கொள்ளும் இடம் இது. ஆக்சஸர்-டைப்பின் மதிப்பை ஃபீல்டு என்று வைத்து, எல்லா அனோடேஷன்களையும் ஃபீல்டுகளின் மேலேயே எழுதுங்கள். பிறகு, கோப்புக்குப் போகக் கூடாத ஃபீல்டுகளுக்கு, உதாரணமாக மொத்தத் தொகையைக் கணக்கிட்டு வைத்திருக்கும் ஃபீல்டுக்கு, எக்ஸ்எம்எல்-ட்ரான்சியன்ட் போட வேண்டும்.

எக்ஸ்எம்எல்-டைப்பில் ப்ராப்-ஆர்டர் என்ற பட்டியல் உண்டு. ஸ்கீமாவில் சீக்வென்ஸ் இருந்தால் எலிமென்ட்கள் அதே வரிசையில்தான் வர வேண்டும். ஜாவாவில் நாம் எழுதிய ஃபீல்டு வரிசை அப்படியே வெளியே வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பல நேரம் சரியாக வந்துவிடுவதால்தான் ஆபத்து. பட்டியலை எழுதிவிடுங்கள். அதில் வர வேண்டியவை ஜாவா ஃபீல்டுகளின் பெயர்கள், எக்ஸ்எம்எல் பெயர்கள் அல்ல. எலிமென்டாகப் போகும் ஒவ்வொரு ஃபீல்டும் இருக்க வேண்டும், அட்ரிப்யூட் ஒன்றும் இருக்கக் கூடாது. நம் மாதிரியில் ஆர்டர் கிளாஸின் பட்டியலில் தேதியும் வரிகளும் மட்டும் வரும், எண் வராது. ஒன்று விட்டுப்போனாலும் பிழை உடனே வரும், இது நல்லதுதான்.

அளவுருக்கள் இல்லாத கன்ஸ்ட்ரக்டர் ஒன்றும் ஒவ்வொரு கிளாஸுக்கும் வேண்டும். பிரைவேட்டாக இருந்தாலும் போதும்.

நேம்ஸ்பேஸ்: எல்லாம் நல் ஆகிப்போகும் இடம்

கோப்பு படிக்கப்பட்டது, பிழை இல்லை, ஆர்டர் ஆப்ஜெக்டும் கிடைத்தது, உள்ளே அட்ரிப்யூட்டைத் தவிர எல்லா ஃபீல்டும் நல் (மதிப்பே இல்லாத நிலை) என்றால், பத்தில் ஒன்பது தடவை காரணம் நேம்ஸ்பேஸ், அதாவது ஓர் எலிமென்ட் பெயர் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது என்று காட்டும் அடையாளச் சரம். வாங்குபவரின் ஸ்கீமா பெரும்பாலும் ஒரு டார்கெட் நேம்ஸ்பேஸோடு, உள் எலிமென்ட்களும் அதே நேம்ஸ்பேஸில் இருக்க வேண்டும் என்ற அறிவிப்போடு வரும். ரூட் எலிமென்டில் மட்டும் நேம்ஸ்பேஸைக் கொடுத்தால் ரூட் பொருந்தும். பிள்ளைகளை ஜாக்ஸ்பி நேம்ஸ்பேஸ் இல்லாமல் தேடும், கிடைக்காது, விட்டுவிடும்.

தீர்வு, கிளாஸ்கள் இருக்கும் அதே பேக்கேஜில் பேக்கேஜ்-இன்ஃபோ என்ற கோப்பு. இந்தப் பெயரில் உள்ள இடைக்கோடு மட்டும் உண்மையாகவே தட்ட வேண்டியது. அதில் எக்ஸ்எம்எல்-ஸ்கீமா அனோடேஷனை வைத்து, நேம்ஸ்பேஸைக் கொடுத்து, எலிமென்ட் ஃபார்ம் டிஃபால்ட்டை க்வாலிஃபைட் என்று மாற்றுங்கள். நேம்ஸ்பேஸ் சரத்தை ஸ்கீமாவிலிருந்து நகலெடுத்து ஒட்டுங்கள், கையால் தட்டாதீர்கள். கடைசியில் ஒரு சாய்கோடு கூடினாலும் குறைந்தாலும் அது வேறு நேம்ஸ்பேஸ். இந்தக் கோப்பு தன் பேக்கேஜுக்கு மட்டுமே செல்லும், துணைப் பேக்கேஜ்களுக்குப் போகாது. முகவரி கிளாஸை இன்னொரு பேக்கேஜுக்கு நகர்த்திய மறுநாளிலிருந்து முகவரி மட்டும் காலியாக வருகிறது என்றால், இதுதான் காரணம்.

ஒவ்வொரு ஃபீல்டுக்கும் எந்த வகை

ஆர்டர் எண்ணைப் பார்த்ததும் இன்ட் என்று எழுதக் கை போகும். 00417 என்பது 417 ஆகிவிடும். திருப்பி அனுப்பும்போது வாங்குபவரிடம் அப்படி ஒரு ஆர்டரே இருக்காது. கூட்டவும் கழிக்கவும் தேவையில்லாத எண்கள், அதாவது ஆர்டர் எண், பொருள் வகையைக் காட்டும் எச்எஸ்என் குறியீடு, பின்கோடு எல்லாம் ஸ்ட்ரிங்.

ஜோடி எண்ணிக்கைக்கு இன்ட்டா, இன்டிஜரா? ஜாவாவின் அடிப்படை வகையான இன்ட் எப்போதும் ஒரு மதிப்போடு இருக்கும், அதனால் அது கட்டாயமான எலிமென்டாகக் கணக்காகும், இன்டிஜர் விருப்பத்துக்குரியதாகும். படிக்கும்போது வித்தியாசம் பெரிது. கோப்பில் ஜோடி இல்லையென்றால் இன்ட் 0 காட்டும், இன்டிஜர் நல் காட்டும். ‘பூஜ்யம் ஜோடி’யும் ‘சொல்லவில்லை’யும் உற்பத்தித் திட்டத்தில் ஒன்றல்ல. இன்டிஜரே நல்லது.

விலைக்கு பிக்டெசிமல் மட்டும். டபுள் வைத்தால் பைசாக் கணக்கு பிசகும் என்பது எல்லோரும் அறிந்தது. அதைவிட மோசமானது ஒன்று உண்டு: மதிப்பு ஒரு கோடியைத் தொட்டதும் ஜாவா டபுளை அடுக்குக்குறி வடிவில் எழுதும். 1,25,00,000 ரூபாய் மொத்தம், 1.25-ஐ அடுத்து ஈ என்ற ஆங்கில எழுத்தும் 7-உமாக வெளியேறும். ஸ்கீமாவில் அந்த இடம் டெசிமல் என்றால் கோப்பு நிராகரிக்கப்படும். சிறிய ஆர்டர்களில் சோதித்தபோது எல்லாம் சரியாக இருந்து, பெரிய ஆர்டர் வந்த அன்று உடைவது இதனால்தான்.

அளவு எலிமென்டில் எழுத்தும் இருக்கிறது, அட்ரிப்யூட்டும் இருக்கிறது. இதற்குத் தனி கிளாஸ் வேண்டும்: அதில் ஒரு ஃபீல்டுக்கு எக்ஸ்எம்எல்-வேல்யூ, இன்னொன்றுக்கு எக்ஸ்எம்எல்-அட்ரிப்யூட். யூகே முறையில் ஏழரை, எட்டரை என்று அரை அளவுகள் உண்டு, எனவே இங்கும் பிக்டெசிமல்தான். தோல் வாங்கும் கோப்புகளுக்கும் இதே அமைப்பு பொருந்தும்: நம் ஊரில் சதுர அடி, ஐரோப்பிய வாங்குபவரிடம் சதுர மீட்டர். ஒரு சதுர அடி ஏறத்தாழ 0.0929 சதுர மீட்டர். அலகைச் சொல்லாத வெறும் எண் பத்து மடங்குக்கு மேல் தவறாகப் படிக்கப்படும்.

வரிகள் பட்டியலுக்கு எக்ஸ்எம்எல்-எலிமென்ட்-ராப்பர் வெளி உறையையும், எக்ஸ்எம்எல்-எலிமென்ட் உள்ளே திரும்பத் திரும்ப வரும் பெயரையும் தரும். லிஸ்ட் நல் என்றால் உறையே வராது; லிஸ்ட் இருந்து காலியாக இருந்தால் வெற்று உறை வரும். வரியிலிருந்து ஆர்டருக்குத் திரும்பிச் சுட்டும் ஃபீல்டு இருந்தால் அதற்கு ட்ரான்சியன்ட் போடுங்கள், இல்லையென்றால் சுழற்சிப் பிழை வரும்.

தேதிக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை. பழைய யூட்டில் டேட் வகையை வைத்தால் ஸ்கீமாவில் அது தேதியும் நேரமும் சேர்ந்ததாகும். நம் நள்ளிரவு உலகப் பொது நேரத்தில் முந்தைய நாள் மாலை 6.30, எதிர்முனையில் அந்தப் பொது நேரத்துக்கு மாற்றி, நேரத்தைக் கழற்றிவிட்டுத் தேதியை மட்டும் எடுத்தால் ஏற்றுமதித் தேதி ஒரு நாள் பின்னுக்குப் போகும். லோக்கல்-டேட்தான் சரியான வகை, ஆனால் ஜாக்ஸ்பிக்கு அதைத் தானாகத் தெரியாது. அப்படியே விட்டால், பதிப்பைப் பொறுத்து, பிழை வரும் அல்லது வெற்று எலிமென்ட் வெளியேறும். எக்ஸ்எம்எல்-அடாப்டரை நீட்டித்து ஒரு சின்ன கிளாஸ் எழுதுங்கள்: அன்மார்ஷல் மெத்தட் ஸ்ட்ரிங்கை லோக்கல்-டேட் ஆக்கட்டும், மார்ஷல் மெத்தட் திரும்ப ஸ்ட்ரிங் ஆக்கட்டும், இரண்டும் நல் வந்தால் நல்லையே திருப்பட்டும். ஃபீல்டின் மேல் எக்ஸ்எம்எல்-ஜாவா-டைப்-அடாப்டரோடு, எக்ஸ்எம்எல்-ஸ்கீமா-டைப்பில் டேட் என்ற பெயரையும் கொடுங்கள். இரண்டாவதை மறந்தால், உருவாக்கிப் பார்க்கும் ஸ்கீமாவில் அது வெறும் ஸ்ட்ரிங் ஆகிவிடும்.

மாவட்டம் என்ற ‘ஈனம்’

ஸ்கீமாவில் குறிப்பிட்ட சில மதிப்புகள் மட்டும் அனுமதி என்றால் ஜாவாவில் ஈனமும் (பட்டியலிட்ட மதிப்புகளை மட்டும் ஏற்கும் வகை), ஒவ்வொரு மதிப்பின் மேல் எக்ஸ்எம்எல்-ஈனம்-வேல்யூவும் வரும். நம் முகவரிகளே இதற்கு நல்ல பாடம். வட ஆற்காடு மாவட்டம் 1989-இல் பிரிந்தது. 2019-இல் வேலூர் மாவட்டம் மீண்டும் பிரிந்து, ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்குப் போயின. மாவட்டத்தை ஈனமாக வைத்து, அதில் வேலூர் மட்டும் இருக்கும் பழைய நிரல், புதிய கோப்பில் திருப்பத்தூரைக் கண்டதும் ஃபீல்டை நல் ஆக்கிவிட்டுச் சத்தமில்லாமல் நகரும். மாறக்கூடிய பட்டியல் என்றால் ஸ்ட்ரிங்காக வைத்து, சரிபார்ப்பை ஸ்கீமாவிடமோ தரவுத்தளத்திடமோ விடுவதே எங்கள் பரிந்துரை. யூகே, ஈயூ போன்ற மாறாத அளவு முறைகளுக்கு ஈனம் பொருத்தம்.

ஸ்கீமாவையே காவலுக்கு வைப்பது

எக்ஸ்எம்எல்-எலிமென்டில் ரிக்வயர்ட் என்பதை உண்மை என்று வைத்தால், விட்டுப்போன மதிப்பை ஜாக்ஸ்பி தடுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். தடுக்காது. அது ஸ்கீமா உருவாக்கும்போது மட்டும் பயன்படும் குறிப்பு. நீள வரம்பு, குறைந்தபட்ச மதிப்பு, எழுத்து வடிவம் போன்ற கட்டுப்பாடுகளைச் சொல்ல ஜாக்ஸ்பியில் அனோடேஷனே கிடையாது. ஆகவே வாங்குபவர் தந்த எக்ஸ்எஸ்டியை ஸ்கீமா ஃபேக்டரி மூலம் ஏற்றி, கோப்பை எழுதும் மார்ஷலர், படிக்கும் அன்மார்ஷலர் இரண்டிலும் செட்-ஸ்கீமா செய்யுங்கள். அதற்குப் பிறகு முதல் தவறிலேயே படிப்பது நிற்கும். எல்லாத் தவறுகளையும் ஒரே தடவையில் பார்க்க வேண்டுமானால், வேலிடேஷன் ஈவன்ட் ஹேண்ட்லர் ஒன்றை எழுதி, தவறுகளைக் கோப்பின் வரி எண்ணோடு சேகரித்து, முடிந்ததும் நீங்களே நிராகரியுங்கள். ஹேண்ட்லர் எப்போதும் ‘தொடரலாம்’ என்றே திருப்பி, சேகரித்ததை யாரும் பார்க்கவில்லையென்றால், ஸ்கீமா இல்லாத நிலைக்கே திரும்பிவிட்டீர்கள்.

கிளாஸ்களின் பொருத்தம் முழுவதையும் வைத்திருக்கும் ஜாக்ஸ்பி-கான்டெக்ஸ்ட் ஆப்ஜெக்டை உருவாக்க நேரம் பிடிக்கும். பயன்பாடு தொடங்கும்போது ஒன்று செய்து எல்லா த்ரெட்களும் பகிரலாம். ஸ்கீமா ஆப்ஜெக்டும் அப்படியே. மார்ஷலரும் அன்மார்ஷலரும் பகிரத் தக்கவை அல்ல, ஒவ்வொரு கோப்புக்கும் புதிதாக எடுங்கள். வெளியிலிருந்து வரும் கோப்புகளை டிடிடி (கோப்புக்குள்ளேயே வரக்கூடிய அமைப்பு வரையறை) ஆதரவை அணைத்த ஸ்ட்ரீம் ரீடர் வழியாகக் கொடுங்கள்.

சரியான மாதிரிக் கோப்பைப் படித்து, திரும்ப எழுதி, இரண்டையும் ஒப்பிட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். வேண்டுமென்றே கெடுத்த நான்கு கோப்புகளையும் சோதனையில் வையுங்கள்: நேம்ஸ்பேஸில் ஓர் எழுத்து மாறியது, ஜோடியின் இடத்தில் ‘இருநூறு’ என்று எழுதியது, தேதியும் வரிகளும் இடம் மாறியது, தேதி 08-11-2024 என்று நம் வழக்கப்படி வந்தது. நான்கும் பிழையோடு திரும்ப வேண்டும். ஒன்று உள்ளே நுழைந்தாலும் செட்-ஸ்கீமா வரி ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள்.