முதியவருக்கு இடுப்பு வளைய முறிவு: முதல் 12 வாரங்களை வீட்டில் கையாளும் முறை

குளியலறையில் வழுக்கியோ, இரவில் எழுந்து நடக்கும்போது கால் இடறியோ விழுந்த எழுபது, எண்பது வயதுக்காரருக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "இடுப்பு எலும்பில் முறிவு இருக்கிறது, ஆபரேஷன் வேண்டாம், வீட்டுக்கு அழைத்துப் போகலாம்" என்று மருத்துவர் சொல்லும்போது குடும்பத்தினருக்கு நிம்மதியும் குழப்பமும் ஒருசேர வருகின்றன. வீட்டுக்கு வந்ததும் பெரும்பாலானோர் செய்வது, அவரை அசையவிடாமல் மூன்று மாதம் படுக்கவைப்பதுதான். இந்த முறிவில் எலும்பு பெரும்பாலும் தானாகவே கூடிவிடுகிறது. ஆளை ஒடுக்கிப்போடுவது படுக்கையே.

மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன் சில கேள்விகளைக் கேட்டுத் தெளிவு பெற வேண்டும். முறிந்தது இடுப்பு வளையமா (அடிவயிற்றைச் சுற்றி வளையம்போல் அமைந்த எலும்புகள்), தொடை எலும்பின் கழுத்தா (இடுப்போடு சேரும் அதன் மேல்முனைப் பகுதி) என்பது முதல் கேள்வி. நம் வீடுகளில் இரண்டையும் ஒரே பெயரால் சொல்லிவிடுகிறோம், ஆனால் சிகிச்சை வேறு. தொடை எலும்பின் கழுத்து முறிந்தால் பெரும்பாலும் கால் சற்றுக் குட்டையாகி வெளிப்பக்கமாகத் திரும்பியிருக்கும். அதற்கு ஓரிரு நாளுக்குள் அறுவை சிகிச்சை செய்வதே நல்லது. இடுப்பு வளையம் முறிந்தவருக்குக் கால் நீளம் பெரும்பாலும் மாறுவதில்லை. காலை ஊன்றும்போது தொடை இடுக்கில் வலிக்கும். இரண்டாவது கேள்வி, வளையத்தின் பின்பக்கமும் விரிசல் விட்டிருக்கிறதா என்பது. எக்ஸ்ரேயில் முன்பக்க முறிவு மட்டும் தெரியும் முதியவர்களில் கணிசமானோருக்கு, முதுகுத்தண்டின் அடியில் உள்ள முக்கோண எலும்பிலும் விரிசல் இருக்கிறது; குடலில் உள்ள காற்றின் நிழலில் அது சாதாரண எக்ஸ்ரேயில் மறைந்துவிடும். புட்டத்துக்கு மேலே, நடு இடுப்பில் அழுத்தினால் வலிக்கிறது என்று அவர் சொன்னால், சி.டி. ஸ்கேன் தேவையா என்று தயங்காமல் கேளுங்கள். மூன்றாவதாக, அவர் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் அதைத் தவறாமல் சொல்லிவிட வேண்டும். முறிந்த இடத்தில் உள்ளுக்குள் ரத்தம் கசியக்கூடும் என்பதால், ஓரிரு நாள் ஹீமோகுளோபின் அளவை மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்.

எதிர்பார்க்க வேண்டியதை ஒளிக்காமல் சொல்லிவிடுவது நல்லது. வலி பெரும்பாலும் 6 முதல் 12 வாரங்களில் அடங்குகிறது. ஆனால் விழுந்த ஓராண்டுக்குள் இறந்துபோகிறவர்கள், பல ஆய்வுகளின்படி, நூற்றுக்குப் பத்திலிருந்து இருபத்தைந்து பேர் வரை இருக்கிறார்கள். முறிவு நேரடியாகக் கொல்வது அரிது. நிமோனியா, சிறுநீர்த் தொற்று, கால் ரத்தக்குழாயில் உறைந்து நுரையீரலுக்குப் போகும் ரத்தக்கட்டி, ஏற்கெனவே இருக்கும் இதய நோய் ஆகியவையே உயிரைப் பறிக்கின்றன. பிழைத்து எழுபவர்களிலும் பலர் முன்பு தனியாக நடந்த இடத்துக்கு இப்போது கைத்தடியோடு போகிறார்கள். ஆரோக்கியமான முதியவர்களை 10 நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. முறிவும் வலியும் சேர்ந்தவருக்கு இழப்பு இன்னும் வேகமாக இருக்கும் என்று எதிர்பார்ப்பதே அறிவு.

ஆகவே, மருத்துவர் தடுக்காத வரையில், முதல் ஓரிரு நாளிலேயே அவரை எழுப்பி உட்காரவைக்க வேண்டும். அதற்கு முதல் தேவை வலி நிவாரணம். வலி வந்தபின் மாத்திரை தருவதைவிட, பாராசிட்டமாலை மருத்துவர் குறித்த நேரங்களில் தவறாமல் தருவது பலன் தரும். நாளொன்றுக்கு மொத்தம் 3 கிராமைத் தாண்டக் கூடாது, எடை 50 கிலோவுக்குக் குறைந்தவருக்கும் ஈரல் நோயாளிக்கும் அதிலும் குறைவு. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மற்ற வலி மாத்திரைகள் முதியவரின் சிறுநீரகத்தையும் இரைப்பையையும் கெடுக்கக்கூடியவை. டிரமடால் போன்ற வலுவான வலி மருந்துகளை மருத்துவரே தந்திருந்தாலும், தலைசுற்றல், குழப்பமான பேச்சு, மலச்சிக்கல் மூன்றையும் கவனித்துக்கொண்டிருங்கள்.

மாத்திரை கொடுத்து முக்கால் மணி நேரம் கழித்து எழுப்புங்கள். முழங்கால்களுக்கு இடையே ஒரு தலையணையை வைத்து, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி அவரை ஒருக்களிக்கச் செய்து, கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்கும்போதே, கையை ஊன்றி உடம்பை நிமிர்த்தச் சொல்ல வேண்டும். கையைப் பிடித்து இழுத்தால் தோள்தான் நோகும். நிமிர்ந்ததும் உடனே நிற்கவைக்காமல் இரண்டு மூன்று நிமிடம் விளிம்பிலேயே உட்காரவிடுங்கள். ரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழுபவர்கள் அநேகம். பாதம் இரண்டும் தரையில் முழுதாகப் பதியும் உயரத்தில் கட்டில் இருப்பது அவசியம். தரையில் பாய் விரித்துப் படுக்கும் வழக்கத்தை இந்த மூன்று மாதத்துக்கு ஒத்திவைக்கத்தான் வேண்டும். வாக்கரின் கைப்பிடி, கை தொங்கும்போது மணிக்கட்டு இருக்கும் உயரத்துக்கு வரட்டும். முதலில் வாக்கர், பிறகு வலிக்கும் கால், அதன்பின் நல்ல கால் என்பதே வரிசை. ஒரே தடவையில் நீண்ட தூரம் நடப்பதைவிட, உணவுக்கும் கழிப்பறைக்குமாக நாளில் பலமுறை எழுந்து சில அடி நடப்பது அதிகம் உதவும்.

கழிப்பறை தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். குந்தி உட்காரும் கழிப்பறை இப்போது ஆகாது. கட்டிலருகே கமோடு நாற்காலி போடுங்கள். இரவும் பகலும் டயப்பரைக் கட்டிவிடுவது பராமரிப்பவருக்கு எளிது, ஆனால் எழுந்து நிற்பதற்கான நல்ல காரணம் ஒன்றை அது பறித்துவிடுகிறது. சிறுநீர்க் குழாய் செருகியிருந்தால் எப்போது எடுப்பார்கள் என்று ஒவ்வொரு நாளும் கேளுங்கள்.

எழ முடியாத நேரத்தில் இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைத்து, குதிகாலிலும் அடிமுதுகிலும் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எண்ணெய் தடவி அழுத்தி உருவுவதும் இறுக்கிக் கட்டுப்போடுவதும் இந்த முறிவுக்கு உதவாது. காலில் ரத்தக்கட்டி இருந்தால் உருவுவது ஆபத்தும்கூட.

உணவில் ஆட்டுக்கால் சூப்புக்கு நம்மவர்கள் தரும் மரியாதை கொஞ்சம் அதிகம். ருசிக்காகக் கொடுங்கள், அதில் கால்சியம் சொற்பமே. கஞ்சியும் ரசம் சோறும் மட்டும் உண்பவருக்குத் தசை தேறுவதில்லை. சிறுநீரக நோய் இல்லாதவருக்கு, உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் புரதம் தேவை. ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது என்பதால், பருப்பு, சுண்டல், தயிர், மீன் எல்லாம் சேர வேண்டும். கேழ்வரகு 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு.

திடீர் மூச்சிரைப்பு, நெஞ்சுவலி, ஒரு காலில் மட்டும் வீக்கம், காய்ச்சல், நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று குழம்புதல், கால் மரத்துப்போதல், சிறுநீர் போகாமை ஆகியவற்றில் எது தோன்றினாலும் 108-ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். இவை எதுவும் இல்லாமல், ஒழுங்காக மாத்திரை தந்தும் ஒரு வாரத்தில் நிற்கவே முடியவில்லை என்றால் மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொல்ல வேண்டும். பின்பக்க எலும்பை ஸ்க்ரூ வைத்து நிறுத்தும் சிறிய அறுவை சிகிச்சை அத்தகையவர்களில் சிலரை நடக்கவைக்கிறது.

தமிழ்நாட்டில், பிசியோதெரபிஸ்டை வீட்டுக்கு வரவழைக்க வசதி இல்லாதவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிலேயே தரும் இயன்முறை சிகிச்சையும் அடங்கும்.

பெரும்பாலும் விட்டுப்போவது எலும்பின் வலுவுக்கான சிகிச்சை. நின்ற உயரத்திலிருந்து விழுந்து இடுப்பு வளையம் முறிந்தது என்பதே, எலும்பு உள்ளுக்குள் வலுவிழந்துவிட்ட ஆஸ்டியோபோரோசிஸ் நோய்க்கு அடையாளம். வலி குறைந்ததும் குடும்பங்கள் மருத்துவமனைப் பக்கம் போவதை நிறுத்திவிடுகின்றன, அடுத்த விழுதலில் தொடை எலும்பு முறிகிறது. ஆறாவது வாரப் பரிசோதனையின்போது, வைட்டமின் டி, கால்சியம், சிறுநீரகப் பரிசோதனைகளோடு, எந்த மருந்து பொருந்தும் என்றும் கேளுங்கள். வாரம் ஒருமுறை சாப்பிடும் அலெண்ட்ரோனேட் மாத்திரையை வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். அது முடியாதவருக்கு ஆண்டுக்கொரு முறை ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலம் இருக்கிறது. ஆறு மாதத்துக்கொரு முறை போடும் டெனோசுமாப் ஊசியைத் தொடங்கினால், மருத்துவரைக் கேட்காமல் நடுவில் நிறுத்தக் கூடாது. நிறுத்திய சில மாதங்களில் முதுகெலும்புகள் முறிந்தவர்கள் உண்டு.